பச்சைத் தண்ணீரின் கணக்கு

ராஜபாளையத்தில் மேற்கே திரும்பினால் மலை, கிழக்கே திரும்பினால் ஆலை. பங்குனி வெயிலில் நான் முதலில் மேற்கே போனேன். அய்யனார் கோயிலுக்குப் போகும் சாலையில் ஆறாவது மைல் என்று ஓர் இடம். ஊருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் அங்கேதான் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆற்றுத் தண்ணீரை இதில் தேக்கி, கோடையில் அளந்து அளந்து ஊருக்கு விடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் இதன் மட்டம் எத்தனை அடி என்பது டீக்கடைப் பேச்சாகிவிடும்.

பாசியிலிருந்து எரிபொருள் எடுப்பதைப் பற்றி எழுத வந்தவன் குடிநீர்த் தேக்கத்தில் ஏன் தொடங்குகிறேன் என்றால், அந்தத் தொழிலின் முதல் செலவு தண்ணீர் என்பதால்தான். பாசி எரிபொருளைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை நிலத்தில் தொடங்கும். ஒரு ஏக்கர் காட்டாமணக்கைவிட ஒரு ஏக்கர் பாசிக் குளம் பல மடங்கு எண்ணெய் தரும், விளைநிலம் தேவையில்லை, தரிசு போதும் என்பார்கள். இது உண்மைதான். விருதுநகர் மாவட்டத்தில் தரிசுக்குப் பஞ்சமும் இல்லை. சீமைக் கருவேலம் மண்டிய நிலத்தைப் பேருந்து சன்னலிலிருந்தே ஏக்கர் ஏக்கராக எண்ணலாம். நிலம் தரிசாகக் கிடப்பதே தண்ணீர் இல்லாமல்தான் என்பதை மட்டும் அந்தக் கட்டுரைகள் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திறந்த குளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் உலர்பாசி கிடைத்தால் நல்ல விளைச்சல். ஏக்கருக்கு 60 கிலோ. அதில் கால் பங்கு எண்ணெய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் 15 கிலோ, ஏறத்தாழ 16 லிட்டர். அதே ஏக்கரில் நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் 20,000 லிட்டர் போய்விடும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஆயிரத்துச் சொச்சம் லிட்டர் தண்ணீர் வானத்துக்குப் போகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் ஆவியாவது ஐந்து மில்லிமீட்டரோடு நிற்கவும் நிற்காது. ஆறாவது மைல் தேக்கத்தின் கரையில் நின்றுகொண்டு இந்தக் கணக்கை யாரிடமாவது சொன்னால் அடிக்க வருவார்கள்.

கிழக்குப் பக்கம் வேறு உலகம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், அதன் பின்னால் வரிசையாக வந்த நூற்பாலைகள், இன்னும் கொஞ்சம் தள்ளிச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். நாம் கையில் சுற்றிக்கொள்ளும் காயக்கட்டுத் துணி இந்தப் பக்கத்தில் நெய்ததாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. அதே ராமசாமி ராஜாவின் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் விருதுநகர் பக்கம் சிமெண்ட் ஆலையும் தொடங்கியது. அந்த இடத்துக்கு இப்போது ஆர்.ஆர். நகர் என்றே பெயர்.

சிமெண்ட் என்றதும் பாசிக்காரர்களுக்குக் கண் விரியும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறியே தீரும். எரிக்கும் நிலக்கரியிலிருந்து வருவது தனி. பாசிக்குக் கரியமில வாயுதான் சோறு. ஒரு கிலோ பாசி வளர 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். ஆலைப் புகையைக் குளத்துக்குள் விட்டால் இரண்டு பிரச்சினையும் ஒரே அடியில் தீர்ந்ததல்லவா? உலகம் முழுக்கப் பல ஆய்வுக்கூடங்களை உசுப்பிய யோசனை இது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் சிமெண்ட் செய்யும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அது குறைந்தது ஆறு லட்சம் டன் கரியமில வாயுவை விடும். அவ்வளவையும் பாசி தின்ன வேண்டுமானால், ஒரு துளியும் காற்றில் தப்பாது என்று வைத்தாலும், 15,000 ஏக்கருக்கு மேல் குளம் வேண்டும். பாசி பகலில்தான் தின்னும்; சூளை இரவிலும் எரியும். அத்தனையும் செய்து எடுத்த எண்ணெயை ஒரு லாரி எரித்தால் அதே கரியமில வாயு மறுபடி வெளியே வந்துவிடும். நிலத்தடி டீசலை அந்த அளவுக்கு மிச்சப்படுத்தியது லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாசி புகையைப் பிடித்துப் புதைக்கிறது என்று விளம்பரம் செய்வது பொய்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஒரு பக்கம் மலை கூடவே வரும். சாலையோரக் கண்மாய்களில் தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் பச்சையாகத் தேங்கி நிற்கும் பருவம் இது. அப்படி ஒரு கண்மாய்க் கரையில் மீன் குத்தகை எடுத்தவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தண்ணீர் இப்படிப் பாசி பிடித்துக் கிடக்கிறதே என்றேன். சிரித்தார்.

“பச்சை கட்டலைன்னா கெண்டை என்னத்தத் திங்கும் அண்ணாச்சி? நாங்கதான் சாணியக் கரைச்சு ஊத்திப் பச்சை கட்ட வைக்கோம்.”

எவ்வளவு சாணி என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்குக் கையை நீட்டிக் காட்டினார். முழங்கை வரை தண்ணீருக்குள் விட வேண்டும். உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் சாணி பத்தவில்லை. முழங்கை முங்குவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் சாணியை நிறுத்திவிட வேண்டும்.

“அதுக்கு மேல பச்சை கட்டிருச்சுன்னா ஆபத்து. விடியக்கால மீனு பூராம் வாயப் பிளந்துக்கிட்டு மேல வந்துரும்.”

பகலெல்லாம் ஆக்சிஜன் விடும் பாசி, இரவில் அதையே உறிஞ்சுகிறது. விடியும் நேரத்தில் தண்ணீரில் மூச்சு விட ஒன்றும் மிஞ்சாது. ஆய்வுக்கூடத்தில் மீட்டர் வைத்து அளப்பதை இவர் முழங்கையால் அளக்கிறார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இன்னொன்று. பாசித் தொழிலில் மிகவும் செலவு பிடிக்கும் வேலை அறுவடை. அந்த வேலையை இந்தக் கண்மாயில் மீன்கள் கூலியில்லாமல் செய்கின்றன. வெள்ளிக்கெண்டை தண்ணீரைச் செவுளால் வடிகட்டிப் பாசியைத் தின்கிறது. பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களைக் கட்லா தின்கிறது. மின்சாரம் கிடையாது, இயந்திரம் கிடையாது.

அறுவடை ஏன் அவ்வளவு கடினம் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரில் விளக்குவது எளிது. ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அடுத்து நிற்கும் இடம் பால்கோவாக் கடை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பின்கட்டில் அகலமான இரும்புச் சட்டியில் பால் கொதிக்க, ஒருவர் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்கிறார். நூறு பங்கு பாலில் 87 பங்கு தண்ணீர். அதை ஓட்டுவதற்குத்தான் அத்தனை விறகும் அத்தனை தோள்வலியும். பாலில் லிட்டருக்கு 130 கிராம் சத்து இருக்கும்போதே பாடு இது. பாசிக் குளத்தில் லிட்டருக்கு அரை கிராம்தான். ஒரு கிலோ உலர்பாசிக்கு 2,000 லிட்டர் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். கோவாக்காரரிடம் இதைச் சொன்னால் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விடுவார்.

யாரும் குளத்தை அப்படியே காய்ச்சுவதில்லை. படிய விட்டு, வடிகட்டி, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, நூற்றுக்கு இருபது பங்கு பாசி உள்ள குழம்பாக்குகிறார்கள். அதற்குப் பிறகும் ஒரு கிலோ பாசியோடு நான்கு கிலோ தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நான்கு கிலோவை அடுப்பு வைத்து ஓட்டச் சுமார் 10 மெகாஜூல் வெப்பம் தேவை. அந்த ஒரு கிலோ பாசியில் உள்ள கால் கிலோ எண்ணெயை எரித்தால் கிடைப்பது ஒன்பது மெகாஜூல்தான். வந்த எண்ணெய் உலர்த்தியதற்கே சரியாய்ப் போயிற்று. குளத்தைக் கலக்கும் துடுப்புச் சக்கரத்தின் மின்சாரம், பம்பு, எண்ணெய் பிரிக்கும் கரைப்பான் எல்லாம் அதற்கு மேல். நம் ஊர் வெயிலில் விரித்துக் காயப்போடலாம். இந்த மாவட்டத்துக்கு இயற்கை கொடுத்த மானியம் அது. ஈரப்பாசியையே 300 டிகிரிக்கு மேல், கடும் அழுத்தத்தில் வேகவைத்துக் கச்சா எண்ணெயாக்கும் முறையும் உண்டு. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் கலன் கோவாச் சட்டி விலைக்குக் கிடைக்காது.

இந்தக் கணக்குகளை உலகம் ஏற்கனவே காசு கொடுத்துக் கற்றுவிட்டது. அமெரிக்க அரசு 1978-இல் தொடங்கிய பாசி ஆராய்ச்சித் திட்டம் ஏறத்தாழ மூவாயிரம் வகைப் பாசிகளைச் சேகரித்தது. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் குளங்கள் வெட்டியது. இரவுக் குளிரில் விளைச்சல் விழுந்தது. 1996-இல் திட்டத்தை மூடினார்கள். பெட்ரோல் விலை ஏறியதும் 2000-களில் மறுபடி காய்ச்சல் அடித்தது. 2009-இல் எக்ஸான்மொபில் நிறுவனம் 60 கோடி டாலர் வரை செலவிடுவோம் என்று அறிவித்து மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் நிறுவனத்தோடு கைகோத்தது. 2023 வாக்கில் அதுவும் கையை உதறிவிட்டது. எரிபொருளில் தொடங்கிய சொலசைம் நிறுவனம், அழகுசாதனத்துக்கும் சமையல் எண்ணெய்க்கும் தாவி, பெயரை மாற்றிக்கொண்டு, 2017-இல் திவாலானது. இந்தியாவில் பாவ்நகரின் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் எடுத்த பாசி டீசலை 2012-இல் வழக்கமான டீசலோடு கலந்து கார் ஓட்டிக் காட்டினார்கள். ஓடியது. பாசி எண்ணெயில் கார் ஓடுமா என்பது எப்போதுமே கேள்வியாக இருந்ததில்லை.

வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஒரு கணக்கு இந்தத் துறையில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. மக்காச்சோளம், கனோலா, ஸ்விட்ச்கிராஸ் புல் ஆகியவற்றோடு பாசியை ஒப்பிட்டால் ஆற்றல், தண்ணீர், பசுங்குடில் வாயு மூன்றிலும் பாசிதான் மோசம் என்றார்கள். முக்கியமான காரணங்களில் ஒன்று உரம். ஒரு கிலோ எண்ணெய்க்கு நான்கு கிலோ பாசி. அதற்குள் கால் கிலோ நைட்ரஜன். யூரியாவாகக் கொடுத்தால் அரை கிலோவுக்கு மேல். யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. ஒரு புதைபடிவ எரிபொருளை உரமாக மாற்றி, உரத்தைப் பாசியாக மாற்றி, பாசியை எரிபொருளாக மாற்றுவதைச் சுற்றுச்சூழல் நன்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே ஆய்வாளர்கள் ஒரு கதவைத் திறந்தும் வைத்தார்கள்: உரத்துக்குப் பதில் கழிவுநீரைக் கொடுத்தால் கணக்கு மாறும். இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுவும் எச்சரித்தது. போக்குவரத்து எரிபொருளில் வெறும் ஐந்து சதவீதத்தைப் பாசியிலிருந்து எடுக்கப் போனால்கூட, இன்றைய நுட்பத்தில் அதற்கான தண்ணீரும் சத்தும் ஆற்றலும் தாங்காது என்பது அதன் முடிவு.

எண்ணெய் தனியாக நிற்க முடியாது என்று ஆனதும் உடன்விளைபொருள் வந்து கைகொடுக்கிறது. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கை மீன் தீவனமாக்கலாம், நிறமி எடுக்கலாம், ஒமேகா-3 எடுக்கலாம். பிண்ணாக்கு ஒரு டன் சோயாவை மிச்சப்படுத்தினால், அந்தச் சோயாவுக்கு ஆகியிருக்கக்கூடிய நிலமும் உரமும் எண்ணெயின் கணக்கில் வரவு. தாளில் இது அழகாக விழும். எந்தப் பொருளை எந்தப் பொருளுக்கு ஈடாக வைப்பது என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்கிறார். அந்த ஒரு முடிவை மாற்றினாலே மோசமான எரிபொருள் நல்ல எரிபொருளாகிவிடும்.

உடன்விளைபொருளில் தமிழ்நாட்டுக்கு நல்ல அனுபவம் உண்டு. சென்னையில் முருகப்பா செட்டியார் ஆய்வு மையத்தில் சி.வி. சேஷாத்ரி சுருள்பாசியைக் கிராமத்துக் குழிகளில் வளர்த்து ஏழைப் பிள்ளைகளின் சத்துக்குறைக்குக் கொடுக்க முடியும் என்று காட்டினார். புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூரில் பாரி நிறுவனம் 130 ஏக்கரில் சுருள்பாசி வளர்த்து ஏற்றுமதி செய்கிறது. இவர்கள் யாரும் எரிபொருளைப் பற்றிப் பேசவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கிலோ பல நூறு ரூபாய்க்குப் போகும் பொடியை, நூறு ரூபாய்க்குக் குறைவாக விற்கும் டீசலாக மாற்ற யாருக்கு மனசு வரும்?

எரிபொருள் அளவுக்குப் போனால் இந்தச் சந்தையும் மூழ்கிவிடும். இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது கோடி டன் டீசல் எரிக்கிறது. அதில் ஒரு சதவீதத்தைப் பாசி தந்தால் பின்னால் 27 லட்சம் டன் பிண்ணாக்கு நிற்கும். அத்தனையையும் சத்து மாத்திரையாக விழுங்க நாட்டில் வாய் கிடையாது. மாட்டுக்கும் மீனுக்கும் போட வேண்டியதுதான். விலையும் தீவன விலைக்கு இறங்கிவிடும். தீவனமாக விற்றால் அதோடு நைட்ரஜனும் லாரி ஏறிப் போய்விடும். அடுத்த போகத்துக்கு மறுபடி யூரியா.

கழிவுநீர் என்ற கதவும் இங்கேதான் இடிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிக் கிருஷ்ணன்கோவில். 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் இப்போது பல்கலைக்கழகமாக நிற்கிறது. வாசலுக்கு எதிரே டீக்கடையில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் அகப்பட்டார்கள். பாசி என்றதும் உற்சாகமாகிவிட்டார்கள். கழிவுநீரில் வளர்க்கலாம் சார், உரச் செலவு மிச்சம், தண்ணீரும் சுத்தமாகும், பிண்ணாக்கையும் சத்துப்பொருளாக விற்றால் லாபம் என்றான் ஒருவன். கூட இருந்த பெண் டீயைக் கீழே வைத்துவிட்டு, “சாக்கடைல வளந்தத நீ திம்பியாடா?” என்றாள்.

ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றுக்கு ஒரே வரியில் எழுதிய மதிப்புரை அது. சூழலுக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தருவது கழிவுநீர். காசு வாங்கித் தருவது உணவுப்பொருள். இரண்டையும் ஒரே குளத்தில் எடுக்க முடியாது. திட்ட அறிக்கையில் இரண்டு வரவையும் சேர்த்து எழுதியிருந்தால் அங்கே பொய் இருக்கிறது.

கழிவுநீரை மட்டும் நம்பினால் என்ன கிடைக்கும்? 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தின் மக்கள்தொகை 1.3 லட்சம். ஆளுக்கு நூறு லிட்டர் கழிவுநீர் என்றால் நாளைக்கு 1.3 கோடி லிட்டர். அதிலுள்ள நைட்ரஜன் முழுவதையும் பாசியாக்கினால் எட்டு டன். அதற்கு 130 ஏக்கர் குளம். கழிவுநீரில் வளரும் பாசியில் எண்ணெய் குறைவு. நாளைக்கு 1,200 லிட்டர் தேறலாம். பதினைந்து அரசுப் பேருந்துகள் ஓடும். ஊர் முழுக்கக் கழித்த கழிவுக்கு மாலைக்குள் பதினைந்து பேருந்து! இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த 1.3 கோடி லிட்டரும் சத்துகள் நீங்கி வெளியே வரும். இன்று ஓடை வழியாகக் கண்மாய்க்குள் போய், வேண்டாத நேரத்தில் பச்சை கட்ட வைத்து, விடியற்காலையில் மீனை வாய் பிளக்க வைப்பது அதே நைட்ரஜன்தான்.

இது கற்பனையும் இல்லை. கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களிலேயே பாசியையும் பாக்டீரியாவையும் ஒன்றுக்கொன்று உதவ வைத்துக் கழிவுநீரைத் தெளியவைக்கும் ஆழமில்லாக் குளங்களை வடிவமைத்தார். ராணிப்பேட்டையில் ஆல்ஜினேட் தயாரிக்கும் ஓர் ஆலையின் அமிலக் கழிவுநீரை, காஸ்டிக் சோடா கொட்டாமல் பாசியை வைத்தே சரிசெய்து காட்டினார் சென்னை ஆய்வாளர் வி. சிவசுப்பிரமணியன். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1991-லிருந்து நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. ஆள் இருக்கிறது, அறிவு இருக்கிறது, இந்த மாவட்டத்தில் வெயிலும் இருக்கிறது. குளத்திலிருந்து எடுக்கும் பாசியை உலர்த்தி எண்ணெய் பிழிய வேண்டும் என்ற அடம் மட்டும் இல்லாவிட்டால், ஈரமாகவே சாண எரிவாயுக் கலனில் போடலாம். வாயு கிடைக்கும், எஞ்சும் குழம்பு பருத்திக்கும் மாந்தோப்புக்கும் உரமாகும். யூரியா அந்த அளவுக்குக் குறையும். கலன் கசிந்து மீத்தேன் வெளியேறாமல் பார்த்துக்கொள்வது இதில் கறாரான நிபந்தனை. கசிந்தால் செய்த நன்மையெல்லாம் காற்றோடு போகும்.

2003-இல் திட்டக் குழு காட்டாமணக்கைப் பெரிதாகப் பேசியபோது தென்மாவட்டத் தரிசுகளில் நம்பி நட்ட விவசாயிகளைப் பலருக்கும் நினைவிருக்கும். விதையை வாங்க ஆள் வரவில்லை. 2018-இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில் பாசியும் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே என்றைக்காவது ஒருவர் பளபளப்பான அறிக்கையோடு இந்தப் பக்கம் வருவார். ஏக்கருக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் என்று அவரிடம் முதலில் கேட்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், நைட்ரஜன் மூட்டையில் வருகிறதா சாக்கடையில் வருகிறதா, பாசியை எதைக் கொண்டு உலர்த்துவீர்கள், பிண்ணாக்கை யார் வாங்குவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான்குக்கும் பதில் சொன்ன பிறகு எண்ணெயைப் பற்றிப் பேசலாம்.